எட்டு பைட் துணைக்கால்

1. டிராக்டரில் வந்த போர்டு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கடை வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. நாங்கள் வாடகைக்கு அனுப்பியிருந்த லைட் போர்டு டிரெய்லரில் மல்லாந்து கிடந்தது. அதைச் சுற்றிப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். போர்டில் பாதி பல்பு இல்லை. நடுவில் ஒரு செங்கல் செருகிக்கொண்டு அப்படியே நின்றது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. கள்ளக்குறிச்சியைச் சுற்றி எல்லா ரோட்டிலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கள் கடை இருந்த சின்னசேலத்துக்கு மூன்று நாளாக பஸ் இல்லை. அப்படியிருக்க மணலூர்பேட்டையிலிருந்து ஒரு டிராக்டர் எப்படி வந்தது என்று எனக்கு ஆச்சரியம். மரத்தை வெட்டிப் போட்டவர்களே ஓட்டி வந்ததால், எந்த மரத்தை எந்த வயல் வழியாகச் சுற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடமாக இருந்தது.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு கரீம் பாயின் சவுண்ட் அண்ட் லைட் கடையில் நான்கு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சால்டரிங் அயர்ன் பிடிக்கிற பெண்பிள்ளை என்று என்னைப் பார்க்கவே சிலர் கடைக்கு வருவார்கள். திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சீரியல் பல்பு போர்டு செய்வது எங்கள் தொழில். மயில் தோகை விரிப்பது, குத்துவிளக்கு எரிவது, எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது எல்லாம் ஒரு சிப்பில் பதிந்திருக்கும். எந்த விநாடியில் எந்த பல்பு எரிய வேண்டும் என்பதுதான் அந்தச் சிப்பில் இருக்கிற விஷயம். வேறு ஒன்றும் இல்லை.

டிராக்டரிலிருந்து முதலில் இறங்கியவர் தணிகாசலம். சங்கத்தின் வட்டாரச் செயலாளர். எங்கள் ஊர்க் கரும்பு விவசாயி. வெள்ளைச் சட்டை கசங்காமல் இருந்தது. கூட வந்த ஒருவர் கையிலிருந்த கழியால் எங்கள் ஷோகேஸ் கண்ணாடியை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். உடைக்கவில்லை. தட்டினார், அவ்வளவுதான்.

"பாயி, கடைல கைய வைக்கறது நாயமில்ல. அதான் மொதல்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் தணிகாசலம்.

கரீம் பாய் எழுந்து நின்றார். "இன்னாங்க ஆச்சு?"

"போர்ட்ட போட்டுப் பாரு."

டிரெய்லரிலேயே வைத்து ஒயரை மாட்டினேன். உயிரோடிருந்த பல்புகள் எரிந்தன. எழுத்து ஓடியது.

"இன்னா எழுதிக்கீது, படிம்மா" என்றார் என்னிடம்.

படித்தேன். "தனி ஒதுக்கீடு" என்பது வரை சரியாக இருந்தது. அடுத்த வார்த்தை வந்ததும் என் வாய் நின்றுவிட்டது.

"படி."

"கெடு."

அவர்கள் கேட்டது "தனி ஒதுக்கீடு கொடு." கொம்பு இருந்தது, க இருந்தது. அதற்கு அடுத்து நிற்க வேண்டிய துணைக்கால் இல்லை. கால் இல்லாவிட்டால் கொடு கெடுவாகிவிடும்.

மணலூர்பேட்டைக் கூட்டத்தில் இது ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பேச வந்த ஒரு தமிழ் வாத்தியார் மைக்கைப் பிடித்ததும் எதிரே போர்டைப் பார்த்து உரக்கப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, கெடு என்பதன் இலக்கணத்தையும் விளக்கியிருக்கிறார். அதற்கப்புறம்தான் செங்கல் பறந்தது.

கரீம் பாய் ஒரு முயற்சி செய்தார். "கெடுன்னா தவணைங்க. கெடு குடுக்கறதுன்னு சொல்றோமில்ல. கவர்மெண்டுக்குக் கெடு வச்சிக்கீறீங்கன்னு அர்த்தம் வருது."

தணிகாசலம் ஒரு நிமிஷம் உண்மையாகவே அதை யோசித்தார். பின்னால் நின்ற இரண்டு பேர் தலைகூட ஆட்டினார்கள்.

"அப்ப எந்த தேதிக்குள்ளன்னு போடலியே" என்றார்.

"உன் மச்சான் சலீமு அங்க எங்க கைல கீறாரு" என்று தணிகாசலம் தொடர்ந்தார். "அவர ஒண்ணும் செய்யல. செய்யவும் மாட்டோம். ஆனா இத யாரு செஞ்சாங்க, யாரு சொல்லி செஞ்சாங்கன்னு தெரியற வரிக்கும் வுட மாட்டோம். சனிக்கெழம இங்க கூட்டம். பெரியவங்க வராங்க. அதுக்குள்ள சொல்லிப்புடு."

பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். சலீம் எங்கள் போர்டு ஆபரேட்டர். மூன்று பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். அவருடைய மனைவி, அதாவது பாயின் தங்கை, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில்தான் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுபோனதை நான் கேட்டேன்.

2. ரெண்டும் ஒண்ணு இல்ல

அசல் சிப் எப்போதும் கடையில் இருக்கும். போர்டில் போவது காப்பி. பல்புச் சூட்டில் சிப் செத்துப்போகும் என்பதால் இந்த ஏற்பாடு. காப்பி எடுக்க நானே ஒரு பெட்டி செய்திருந்தேன். ஒரு சாக்கெட்டில் அசல், இன்னொன்றில் காலி சிப், ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு. சுவிட்சைப் போட்டால் ஒவ்வொரு பைட்டாகப் படித்து எழுதிக்கொண்டே போகும். எட்டு பல்புக்கு ஒரு பைட், மொத்தம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பைட். ஒன்றே முக்கால் நிமிஷத்தில் முடிந்துவிடும்.

காப்பி சரியா என்று பார்க்க வேறு வழி வைத்திருந்தேன். பாயின் உறவுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் இருந்தது. தனி மானிட்டர் கிடையாது, டிவியில் மாட்ட வேண்டும். இரண்டு சிப்பையும் படித்து ஒப்பிட்டுச் சொல்கிற புரோகிராம் ஒன்று எழுதிக் கேசட்டில் வைத்திருந்தேன். இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசமான இடத்தைச் சிவப்பாகக் காட்டுகிறதே, அந்தக் குடும்பத்தில் ஏழை உறவினர் என்று அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாயின் வீட்டு டிவியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தோம். டிவியைப் பார்த்ததும் டிராக்டர்காரர்கள் எல்லோரும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அங்கே முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்திலிருந்து டிரான்சிஸ்டர் ரிப்பேருக்கு வந்த வெள்ளையன். பஸ் இல்லாததால் மூன்று நாளாக எங்கள் கடையிலேயே இருந்தார். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

புரோகிராம் ஏற ஆறு நிமிஷம் ஆனது. கேசட் கீச்சென்று கத்தியது. கழி வைத்திருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு அசலையும் போர்டிலிருந்து கழற்றிய காப்பியையும் படித்து, டிவியில் ஒரே வரி வந்தது. "நாட் சேம்."

"இன்னா சொல்லுது?" என்றார் தணிகாசலம்.

"ரெண்டும் ஒண்ணு இல்லன்னு சொல்லுதுங்க."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "ஒண்ணு இல்லன்னு எங்களுக்கே தெரியும்மா. ஒண்ணா இருந்தா எதுக்கு செங்கல்ல அடிக்கறாங்க. இத சொல்றதுக்கா இத்தினி நேரம் கத்துச்சு?"

அவர் சொன்னது முற்றிலும் சரி. வேறு வேறு என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற கருவியால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நான்தான் அதை அப்படி எழுதியிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து நாலு வரி சேர்த்தேன். இப்போது வித்தியாசமான இடங்களை மட்டும் காட்டியது. இடப்பக்கம் அசல், வலப்பக்கம் காப்பி. மொத்தம் எட்டு பைட். நடுவில் ஒன்றுகூட விடாமல் வரிசையாக எட்டு. இடப்பக்கம் எட்டிலும் ஏதேதோ எண் இருந்தது. வலப்பக்கம் எட்டிலும் ஒரே மாதிரி எஃப் எஃப், எஃப் எஃப், எஃப் எஃப்.

எஃப் எஃப் என்றால் அந்த இடத்தில் சிப் எழுதப்படவே இல்லை என்று அர்த்தம். காலி சிப்பில் எல்லா இடத்திலும் அதுதான் இருக்கும், அது இருக்கிற இடத்தில் பல்பு எரியாது.

ஆனால் அவர்கள் வேறு மாதிரிப் படித்தார்கள்.

"எஃப் எஃப். யாரு அது?" என்றார் ஒருவர்.

"ஆளு இல்லீங்க, அது நம்பரு."

"எஃப் எப்பிடிம்மா நம்பராவும்? நாங்களும் அஞ்சாவது படிச்சிக்கீறோம்."

"இனிஷியலுதான் போட்டுக்கீறான்" என்றார் கழிக்காரர். "எட்டு எடத்துல கையெழுத்து போட்டுட்டுப் போயிக்கீறான்."

எஃப்பில் தொடங்குகிற பெயர் யாருக்கு இருக்கிறது என்று ஆலோசனை நடந்தது. சின்னசேலம் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெர்னாண்டஸ் இருந்ததாக ஒருவருக்கு ஞாபகம் வந்தது. அவர் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். போகும்போது செய்துவிட்டுப் போயிருப்பாரோ என்று மூன்றாமவர் கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு இந்தப் போர்டே இல்லை என்று பாய் எடுத்துச் சொன்னார். அப்படியும் விசாரித்து வர ஓர் ஆளைச் சைக்கிளில் அனுப்பினார்கள். அந்த ஆள் அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை.

3. புள்ளியாக மாற்றினேன்

எண்ணைக் காட்டிப் பயனில்லை என்று புரிந்துவிட்டது. எண்ணுக்குப் பதிலாக பல்பைக் காட்ட வேண்டும். ஒரு பத்தியில் பதினாறு பல்பு, அதற்கு இரண்டு பைட். எட்டு பைட் என்றால் நான்கு பத்தி. எரிய வேண்டிய ஒவ்வொரு பல்பையும் டிவியில் ஒரு வெள்ளைக் கட்டமாகப் போட்டால் எழுத்தே தெரியும். அசல் மேலே, காப்பி கீழே. வித்தியாசமான பத்தி மட்டும் மினுக்க வேண்டும்.

எழுதி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. என் வாழ்க்கையில் பத்துப் பேர் பின்னால் உட்கார்ந்து பார்க்க நான் எழுதிய ஒரே புரோகிராம் அதுதான். பாயின் தங்கை எல்லோருக்கும் டீ போட்டு அனுப்பினார். தன் கணவனைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு. தம்ளரை வாங்கிக்கொண்ட தணிகாசலம், "சக்கர கொஞ்சம் கம்மிதான், பரவால்ல" என்றார்.

நடுவில் கழிக்காரர் என்னிடம், "உனக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். எங்கள் ஜில்லாவில் எந்தப் பக்கம் என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டு கிடையாது.

புரோகிராமை ஓட்டினேன். மேலே "கொடு." கீழே "கெடு." மேலே இருந்த துணைக்கால் மட்டும் பளிச் பளிச்சென்று மினுக்கியது. கீழே அந்த இடம் வெறும் கருப்பு.

தணிகாசலம் எழுந்து வந்து, டிவிக் கண்ணாடியில் விரலை வைத்து மேலேயும் கீழேயும் எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இந்த ஒத்தக் கால மட்டும் எட்த்துட்டு, மீதி எல்லாத்தியும் நல்லபடியா வுட்டுக்கீறான்" என்றார். "அப்ப தெரிஞ்சிதான் செஞ்சிக்கீறான். தெரியாம செஞ்சா இவ்ளோ கரெக்டா எடுக்க முடியுமா?"

தெளிவாகக் காட்டினால் நம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். தெளிவாகக் காட்டியதால்தான் சதி என்று உறுதியானது. கரீம் பாய் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

இந்தக் காப்பியை எடுத்தது ஞாயிற்றுக்கிழமை காலை. சுவிட்சைப் போட்டு அரை நிமிஷம் ஆகியிருக்காது, கடை டியூப் லைட் ஒரு கணம் மங்கி எழுந்தது. பக்கத்துக் கட்டிடம் மாவு மிஷின். அதன் பெரிய மோட்டார் எழும்போதெல்லாம் எங்கள் கரண்ட் அமுங்கும். இந்தச் சிப்பில் எழுத இருபத்தைந்து வோல்ட் வேண்டும். குறைந்தால் எழுதாது. ஆனால் என் பெட்டிக்கு அது தெரியாது. எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த பைட்டுக்குப் போய்விடும். ஒரு பைட்டுக்கு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. எட்டு பைட் என்றால் அரை விநாடிகூட இல்லை. மோட்டார் எழுகிற நேரம் அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பாய் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. அவர்களை எழுப்பிவிட்டு டிவியைத் தூக்கிவர எனக்குத் தைரியம் வரவில்லை. லைட் எரிந்தால் சரி என்று சிப்பைச் சலீமிடம் கொடுத்துவிட்டேன்.

"தப்பு என்னுதுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

தணிகாசலம் பொறுமையாகக் கேட்டார். "மாவு மிஷினு எங்க கால எட்த்துச்சுன்ற?"

"ஆமாங்க."

"காட்டு."

4. மிளகாய் இரண்டு கிலோ

மாவு மிஷின் ராஜம்மாக்காவுடையது. புருஷன் இறந்தபின் அவரே நடத்தினார். பத்துப் பேர் சேர்ந்து வாசலில் வந்து நின்றதும் முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"மிஷின ஓட்டிக் காட்டணும்" என்றார் தணிகாசலம்.

"அரைக்க இன்னா கொண்டாந்தீங்க?"

"ஒண்ணும் கொண்டாரல. சும்மா ஓட்டு."

"சும்மா ஓட்டுனா கல்லு தேஞ்சிடும். ஏதாச்சும் போட்டாத்தான் ஓட்டுவேன்."

அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. போராட்டத்தால் மூடியிருந்த மளிகைக் கடையைச் சங்கத்துக்காரர்களே திறக்கச் சொல்லி, இரண்டு கிலோ மிளகாய் வாங்கி வந்தார்கள். கடையடைப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஊரில் நடந்த ஒரே வியாபாரம் அதுவாகத்தான் இருக்கும்.

என்னிடம் காலி சிப் இரண்டே இரண்டு இருந்தன. சேலத்திலிருந்து வரவழைக்க வழி இல்லை. துணைக்கால் இருந்த இடம் எனக்கு இப்போது துல்லியமாகத் தெரியும். கணக்குப் போட்டால் சுவிட்சைப் போட்ட இருபத்திரண்டாவது விநாடி. அந்த நேரத்தில் மோட்டார் எழ வேண்டும். கடைக்கும் மிஷினுக்கும் நடுவே ஆட்களை வரிசையாக நிறுத்தினோம். நான் கையைக் காட்டினால் வாசலில் நிற்பவர் கையைக் காட்டுவார், அடுத்தவர், அதற்கடுத்தவர், கடைசியில் ராஜம்மாக்கா சுவிட்சைத் தள்ளுவார்.

முதல் சிப். இருபது வந்ததும் கையைத் தூக்கினேன். கை மாறி மாறிப் போனது. டியூப் லைட் மங்கியது. காப்பி முடிந்ததும் கம்ப்யூட்டரில் மாட்டி ஒப்பிட்டேன்.

மேலே "தனி ஒதுக்கீடு கொடு." கீழே "தனி ஒதுக்கீடு கொடு." எங்கேயும் மினுக்கவில்லை.

நடுவில் ஆட்கள் கை தூக்கியதில் நேரம் தள்ளிப்போய், எழுத்தெல்லாம் முடிந்தபின் வெறும் இடத்தில் மோட்டார் எழுந்திருக்கிறது. வெறும் இடத்தில் எழுதாவிட்டால் என்ன குறைந்துவிடும்? நான் இதை விளக்கினேன். யாரும் கேட்கத் தயாராக இல்லை.

"மிஷினு ஓடுச்சு. காலு நிக்குது" என்றார் கழிக்காரர். கழி மறுபடி ஷோகேஸ் கண்ணாடிக்குப் போனது. இந்தத் தடவை தட்டுகிற சத்தம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

கரீம் பாய் கையைக் கூப்பினார். "இன்னொரு சிப்பு கீதுங்க. ஒரே ஒரு தடவ பாத்துடலாம். அதுக்கப்பறம் நீங்க இன்னா சொன்னாலும் சரி."

இந்தத் தடவை வரிசையை எடுத்துவிட்டேன். மிஷின் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்து, நானே நேராக ராஜம்மாக்காவைப் பார்த்து எண்ணினேன். அதற்குள் மிளகாய் நெடி கடை முழுக்க நிறைந்திருந்தது. எண்ணும்போது பின்னால் பத்துப் பேரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்று சொல்லும்போது எனக்கும் தும்மல் வந்தது. தலை ஆடியதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு ராஜம்மாக்கா சுவிட்சைத் தள்ளிவிட்டார். விளக்கு மங்கியது. சீக்கிரம். ரொம்பச் சீக்கிரம்.

சிப்பை மாட்டினேன். டிவியில் எழுத்து ஒவ்வொரு பத்தியாக வந்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். தனி. ஒதுக்கீடு. அப்புறம் மேலே ஓர் ஒற்றைக்கொம்பு மினுக்கியது. கீழே அந்த இடம் கருப்பு. அதை அடுத்து வந்த க, துணைக்கால், டு எல்லாம் பத்திரமாக இருந்தன.

கால் தப்பித்துவிட்டது. கொம்பு போய்விட்டது.

முதலில் படித்தது வெள்ளையன். மூன்று நாளாக வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "தனி ஒதுக்கீடு காடு."

படித்துவிட்டுச் சொன்னார். "இது எங்க மலைக்கு எழுதுன மாதிரி கீது. ரிசர்வ் பாரஸ்டுன்னு ஊரச் சுத்தி இதத்தான் எழுதி வச்சிக்கீறாங்க. ஒரு கெள ஒடிச்சா கேஸு. நீங்க ரோட்டுல எத்தினி மரம் வெட்டுனீங்க?"

இரண்டு பேர் தும்மினார்கள்.

தணிகாசலம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் வழியாக மிஷினைப் பார்த்தார். மறுபடி டிவி. அந்த மனிதருக்கு அந்த இடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. வேண்டுமென்றே யாரும் காடு என்று எழுதமாட்டார்கள். எந்தச் சதிகாரனுக்கும் அதில் லாபம் இல்லை.

"மிஷினுதான்" என்றார்.

5. அரைக்கக் கொடுத்தவர்

முடிந்தது என்று நினைத்தேன். அவர்கள் நேராக ராஜம்மாக்காவிடம் போனார்கள்.

"ஞாயித்துக்கெழம காலைல மிஷின ஓட்டுனியா?" என்றார் கழிக்காரர்.

"ஓட்டுனேன். நான் ஓட்டாம வேற யாரு ஓட்டுவாங்க?"

"யாருக்கு ஓட்டுன? அன்னிக்கு யாரு சொல்லி ஓட்டுன?"

ராஜம்மாக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம காலைல ஒரே ஒரு ஈடுதான். எட்டு கிலோ மொளகா. கூட்டத்துக்கு வெளியூரு ஆளுங்க வராங்க, கொழம்பு வைக்கணும், அவசரம்னு சொல்லிக் கொண்டாந்தாங்க. டிவி பாத்துக்கினு இருந்த என்ன எழுப்பிவுட்டு ஓட்டச் சொன்னாங்க."

"யாரு?"

ராஜம்மாக்கா தணிகாசலத்தைக் கையால் காட்டினார். "இவங்க வூட்டம்மாதான்."

தணிகாசலம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கழிக்காரர் கழியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அதை அப்புறம் எடுக்கவே இல்லை. இன்னொருவர், குழம்பு அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது என்று பொதுவாகச் சொன்னார்.

மணலூர்பேட்டைக்கு ஆள் அனுப்பிச் சலீமை விடச் சொன்னார்கள். சலீம் அன்றைக்கு வரவில்லை. பிடித்து வைத்திருந்த வீட்டில் இரண்டு ஃபேனையும் ஒரு மோட்டாரையும் அவர் ரிப்பேர் செய்திருந்தார். அன்றைக்குக் கோழி அடிக்கிறார்களாம், சாப்பிட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் மத்தியானம் வந்து இறங்கினார். பாயின் தங்கை அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

பிழையில்லாத அந்த முதல் சிப்பையே சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மாட்டினோம். உடைந்த பல்புகளை இரண்டு நாளில் மாற்றினேன். சனிக்கிழமை காலையில் போலீஸ் கூட்டத்துக்குத் தடை போட்டுவிட்டது. சரியான எழுத்து ஓடிய போர்டை நாங்கள் ஐந்து பேர் மட்டும் கடைக்குள் பார்த்தோம்.

6. கடைசியாக

அதற்கப்புறம் எந்தக் காப்பியையும் ஒப்பிடாமல் நான் வெளியே விட்டதில்லை. பாயும் கடைக்கென்று தனியாக ஒரு சின்ன டிவி வாங்கிக் கொடுத்தார். ஒப்பிடுவது காப்பி எடுத்தபின் நேரம் இருந்தால் செய்கிற வேலை இல்லை. காப்பி எடுப்பதில் அது பாதி. எங்கே, எத்தனை, கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று மூன்றையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பின்னாளில் என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் முக்கியமான பாடம் அந்த வாரத்தில் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்துக் கிடைத்தது.

அந்த விவகாரத்துக்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போர்டு எடுத்தாலும் தணிகாசலம் நேரில் வந்துவிடுவார். டிவி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மேல் வரியையும் கீழ் வரியையும் அவரே விரல் வைத்துப் பார்ப்பார். அரை மணி நேரம் ஆகும். எனக்கு எரிச்சலாக இருக்கும். மினுக்காவிட்டால் சரி என்றுதான் அர்த்தம், கிளம்ப வேண்டியதுதானே என்று நினைப்பேன்.

ஒரு மாநாட்டுக்குப் புதிதாக எழுத்து வரைந்து சிப் போட்டேன். "அனைவரும் வருக." காப்பி எடுத்து ஒப்பிட்டேன். ஒரு பைட்கூட மாறவில்லை. டிவியில் எதுவும் மினுக்கவில்லை. பெருமையாகத் திரையைக் காட்டினேன்.

அவர் வழக்கம்போல விரலை வைத்து மேல் வரியைப் படித்தார். கீழ் வரியைப் படித்தார். கையை எடுக்கவில்லை.

"மாத்தமே இல்லீங்க" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதாம்மா" என்றார். "வருகன்னா சின்ன ரு போடணும். நீ கடல வறுக்கற று போட்டுக்கீற. மேலயும் அதான், கீழயும் அதான்."

குனிந்து பார்த்தேன். மேலே "அனைவரும் வறுக." கீழே "அனைவரும் வறுக." கடைசிப் பல்பு வரைக்கும் அப்படியே இருந்தது.

"மிஷினு கரெக்டாத்தான் சொல்லுது" என்று தணிகாசலம் ஸ்டூலை விட்டு எழுந்தார். "ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் தப்பு."